எண்பதிலிருந்து இருபதுக்கு

முதலில் வேகத்தைத்தான் வாங்கினேன்.
பெங்களூரில் ஒரு பையன் லேப்டாப்பைச் சொருகி
முக்கால் மணியில்
நாற்பது குதிரைகளைக் கூட்டிக் கொடுத்தான்.
நிறுத்துவது பற்றி
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தொப்பூர் இறக்கத்தில் கேட்டேன்.
முன்னால் புளி மூட்டை லாரி.
மிதித்த மிதி
சேற்றில் வைத்த கால்போல் உள்ளே போய்
அடியைத் தொட்டது.
கியரை இரண்டுக்குத் தள்ளி, கைபிரேக்கை இழுத்து
தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாம் கூப்பிட்டு
நின்றபோது
பின்பலகையில் பெயின்டர் தன் பெயருக்குக் கீழே எழுதிய
செல் நம்பரைப் படிக்க முடிந்தது.
கடைசி எண் ஏழு.

தீய்ந்த நாற்றம். லாரிக்காரர் இறங்கி வந்தார்,
தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.
"சக்கரத்துல ஊத்திடாதம்மா. குடி."

கிருஷ்ணகிரி பழையபேட்டை, இம்தாதுல்லா கடை.
துளையிட்ட டிஸ்கைத்தான் கேட்டேன்,
அலாய் வீலின் இடுக்கில்
சல்லடையாய் மின்னுமே, அது.
"துளை அழகுக்குங்க.
சூடேறி ஆறி, சூடேறி ஆறி
துளைக்குத் துளை விரிசல் ஓடும்."
கோடு கீறியது?
"பேடைச் சீவிக்கிட்டே இருக்கும். மழைக்கு நல்லது.
உங்க ரோட்டுக்கு வேணாம்."
ஒன்றுமே இல்லாத ஒன்றை எடுத்து வைத்தான்,
கார்பன் கூடிய வார்ப்பு, நடுவில் காற்றுக்கு வழி,
பழையதைவிட இரண்டு விரல் அகலம்.
சுண்டினான். மணிபோல் ஒலிக்கவில்லை.
"அதான் நல்லது" என்றான்.

பேடுகள்.
ரேஸ் பேட் முந்நூறு டிகிரியில்தான் கடிக்குமாம்.
மார்கழி விடியலில், கேட்டைத் தாண்டியதும்
குறுக்கே வரும் வெள்ளை நாய்க்காக
முந்நூறு டிகிரிக்கு நான் எங்கே போவது?
செராமிக்?
"வீல் கடைசிவரை பளிச்சுனு இருக்கும்.
தொப்பூர்ல பளிச்சுனு போய் இடிப்பீங்க."
நடுவில் ஒன்று.
குளிரிலும் பிடிக்கும், கொதியிலும் கைவிடாது,
கரித்தூள் கொட்டும், காலையில் கீச்சென்று கத்தும்.
"பரவாயில்லையா?"
இதைவிட மோசமானவர்களோடு
ஒரே ஆபீசில் இருந்திருக்கிறேன்.

பிறகு, சும்மா கேட்பதுபோல்,
"பிரேக் ஆயில் எப்ப மாத்தினது?"

மாங்கூழ் ஆலையின் லேபில் எனக்கு வேலை.
தேதி எழுதாமல் ஒரு பாட்டிலுக்கும் மூடி போட்டதில்லை.
எது எந்தச் சூட்டில் கொதிக்கும் என்பதற்குத்தான்
எனக்குச் சம்பளமே.
கார் வாங்கி நான்கு வருஷம்.
சிரிஞ்சில் உறிஞ்சிக் காட்டினான்:
டிகாஷன் நிறம்.
"காத்துல இருக்கற தண்ணியக் குடிச்சிக் குடிச்சி
இதுதாங்க கொதிச்சிருக்கு.
நீங்க பாவம், டிஸ்க் மேல பழியப் போட்டீங்க."

ஆயில் எண்ணூற்றைம்பது.
மற்றது முப்பத்தெட்டாயிரம்.
இரண்டையும் வாங்கினேன்.
எது போதுமாக இருந்தது என்று
இனிமேல் கண்டுபிடிக்க வழியில்லை.

ஞாயிறு ஐந்தரை, பர்கூர் சிப்காட் பின்சாலை.
எண்பதில் போய் இருபதுக்கு இறக்கணும், இருபது தடவை.
முழுசாக நிறுத்தக் கூடாது.
சூட்டோடு நின்றால் பேட் ஓரிடத்தில் ஒட்டித்
தழும்பாகிவிடும்.
பேட் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக
இரும்பின் மேல் பூசி முடிக்கும்வரை
ஓடிக்கொண்டே இருக்கணும்.

கிரானைட் கம்பெனி கேட்டில், குரங்குக் குல்லாயோடு வாட்ச்மேன்.
ஏழாவது தடவை எழுந்து நின்றார்.
பத்தாவதில் கைகாட்டினார். நிற்கவில்லை.
இப்போதுதான் நிற்கிற வண்டி கிடைத்திருக்கிறது,
நிற்க முடியவில்லை.
"என்னம்மா தொலைச்சிட்ட?"
பதிலை அடுத்த சுற்றில்தான் கொடுத்தேன்.
"ஒண்ணுமில்லண்ணா, பிரேக் பழக்கறேன்!"
அதற்கு அடுத்த சுற்றில்
"யாருக்கு?"

இருபது முடிந்து, பிரேக்கைத் தொடாமல்
பத்து கிலோமீட்டர் ஆறவிட்டுத் திரும்பி வந்தேன்.
டிஸ்கில் மங்கலாக ஒரு நீலச்சாம்பல்.
அவர் வாளியோடு நின்றிருந்தார்.
"பொகையுதே, ஊத்தட்டா?"

"ஊத்தாதீங்க" என்றேன்.
"குடிக்க இருந்தா குடுங்க."